சதாசிவம் வழக்கும் ஆனந்தம் என்ற பெயரும்

மருதானைச் சந்தியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ இரண்டு மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், கொழும்புத் தமிழரின் பேச்சில் இன்றளவும் நிலைத்துள்ள ஒரு கொலை வழக்கின் இடங்களுட் பெரும்பாலானவை அதனுள் அடங்கிவிடும். கிழக்கே பேஸ்லைன் வீதியில் அவ்வழக்கின் எதிரி கல்வி கற்ற வெஸ்லிக் கல்லூரி; அவர் புகழ் ஈட்டிய தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானம்; அதே பக்கத்தில் வெலிக்கடைச் சிறைச்சாலை. தெற்கே கின்சி வீதியில் மருத்துவ பீடம். மேற்கே புதுக்கடை நீதிமன்றங்கள். வட்டத்துக்கு வெளியே நிற்பது ஒன்றே: பம்பலப்பிட்டியில் சென் அல்பன்ஸ் பிளேஸ் என்னும் சிறு வீதியில் இருந்த ஒரு மாடி வீடு. கொலையுண்டவர் வாழ்ந்த வீடு அது. வழக்கைப் பற்றிப் பேசுவோர் மைதானத்திலும் நீதிமன்றத்திலும் நெடுநேரம் நின்றுவிட்டு அவ்வீட்டின் வாயிலை மட்டும் விரைந்து கடந்துவிடுவதை அவதானிக்கலாம்.

மகாதேவ சதாசிவம் 1915இல் பிறந்தவர். இலங்கை உலகக் கிரிக்கெற்றின் வாயிலிலேனும் நின்றிராத காலத்தில், தனது மட்டையின் வலிமையால் மட்டுமே கடல் கடந்து அறியப்பட்டவர். 1947இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக அவர் குவித்த 215 ஓட்டங்களை நேரிற் கண்டவர்கள் முதுமையிலும் அதனை மறந்தாரல்லர். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும் வழியில் கொழும்பிற் தங்கி ஓவல் மைதானத்தில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. (அன்றைய ஆடுகளம் 22 யாருக்கு இரண்டு யார் குறைவாக அளக்கப்பட்டிருந்தது என்பது இலங்கைக் கிரிக்கெற்றின் தீராத நகைச்சுவைகளுள் ஒன்று.) இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை வகித்த பெருமையும் அவருக்குண்டு. ஆட்டத்தில் அவருக்கு அவசரமே இருந்ததில்லை என்பர். பந்து தன்னைக் கடந்து சென்ற பின்னரே அதனைத் தொடுபவர் போல் ஆடுவாராம். இரவு முழுதும் களித்துவிட்டு உறங்காமலே காலையில் மைதானத்துக்கு வந்து நூறு ஓட்டங்கள் பெற்றார் என்பன போன்ற கதைகளும் அவரைச் சூழ்ந்து வளர்ந்தன. இத்தகைய கதைகள் விளையாட்டு வீரனுக்கு அணிகலன். அவன் மனைவிக்கு அவை எவ்வாறிருந்தன என்று எவரும் கேட்பதில்லை.

அவரது மனைவி ஆனந்தம். முழுப்பெயர் பரிபூரணம் ஆனந்தம். தந்தை வழிப் பெயர் இராஜேந்திரா. வசதி படைத்த கொழும்புத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். நான்கு பெண்குழந்தைகளின் தாய். 1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, அவர் தமது வீட்டிலேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். பிற்பகலில் வீட்டின் கார்க் கொட்டகையிற் சடலம் காணப்பட்டபோது, கழுத்தின் மீது ஒரு மர உரல் கிடந்தது. நாள்தோறும் அடுக்களையில் நின்ற உரல். அன்றே சதாசிவம் கைதுசெய்யப்பட்டார். அவ்வீட்டில் அண்மையிலே வேலைக்கமர்ந்திருந்த வில்லியம் என்னும் இளைஞர் அன்று முற்பகலில் வீட்டைவிட்டு மறைந்திருந்தார். சில நாள்களின் பின் தெற்கே பிடிபட்டார். அவரது முகத்திலும் கையிலும் நகக்கீறல் போன்ற காயங்கள் இருந்தன.

இதன் பின் எழுந்த கதைகள் இரண்டு. முதலாவது வில்லியம் சொன்னது. அவர் கூற்றுப்படி, மாடியிற் படுக்கையறையில் மனைவியின் கழுத்தை நெரித்தவர் கணவரே. வேலையாள் உதவிக்கு அழைக்கப்பட்டார். சடலத்தைக் கீழே கொண்டுசெல்லத் துணைநின்றார். அதற்குக் கூலியாக அம்மையார் அணிந்திருந்த நகைகளைப் பெற்றுக்கொண்டு போனார். இரண்டாவது எதிரி தரப்புச் சொன்னது. கணவர் காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது மனைவி உயிரோடிருந்தார். அதன் பின்னர் அடுக்களையில் அவரைக் கொன்று நகைகளைப் பறித்துச் சென்றவர் வேலையாளே. இவ்விரண்டு கதைகளிலும் தாலிக்கொடி ஒன்று வருகின்றது. ஒரு கதையில் அதனைக் கட்டியவரே கழற்றிக் கூலியாகக் கொடுக்கின்றார். மற்றதில் அது களவு போகின்றது. இரு கதைகளும் ஒத்துக்கொள்வது, நண்பகலுக்குள் அது அவ்வம்மையாரின் கழுத்தில் இல்லை என்பதை மட்டுமே.

அரசு வில்லியத்தின் கதையைத் தெரிந்துகொண்டது. உண்மை முழுவதையும் வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையோடு அவருக்கு மன்னிப்பு வழங்கி, அவரைத் தன் முதன்மைச் சாட்சியாக்கியது. குற்றத்திற் பங்குகொண்டவன் என்று தானே சொல்பவனின் சாட்சியத்தை வேறு சான்றின்றி ஏற்பது ஆபத்தானது என்பது எமது சாட்சியச் சட்டத்தின் பழைய எச்சரிக்கை. ஆகவே, வில்லியத்தின் வாக்குக்கு வெளியிலிருந்து ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. அவ்வாதாரத்தைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தருவதாயிற்று. இதனாலேயே இவ்வழக்கு வெறும் ஊர்வாய்ச் செய்தியாக ஒழிந்துபோகாமல் சட்ட மருத்துவ நூல்களிலும் இடம்பெறலாயிற்று.

1953 மார்ச் மாதத்தில் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. ஆங்கிலம் பேசும் ஜூரர் எழுவர். எதிரிக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர், வரலாற்றாய்வாளர், குறுக்கு விசாரணையில் அக்காலத்தில் நிகரற்றவர். (ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பியாகத் தமிழ் மாணவர் அவர் பெயரை வேறு உணர்வோடு உச்சரிக்க நேர்ந்தது. ஒரு தமிழரைத் தூக்குமேடையினின்று மீட்டவரும் அவரே என்பதைப் பெரியவர்கள் அப்போது நினைவூட்டியதுண்டு.) விசாரணை 57 நாள்கள் நடைபெற்றது. புதுக்கடையில் இடம்பிடிப்பதற்காக மக்கள் முண்டியடித்தனர்.

அந்த 57 நாள்களின் சாரத்தை ஒரே வினாவில் அடக்கிவிடலாம்: ஆனந்தம் பத்தரை மணிக்கு முன் இறந்தாரா, பின் இறந்தாரா? சடலப் பரிசோதனை செய்தவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம். உடலின் சூடு, விறைப்பு, இரைப்பையில் இருந்த உணவு ஆகியவற்றைக் கொண்டு அவர் செய்த கணிப்பு, கணவர் வீட்டில் இருந்த நேரத்தில் இறப்பு நிகழ்ந்திருக்கலாம் என்பதற்கு இடங்கொடுத்தது. வில்லியத்தின் கதைக்குத் தூணாகவும் அமைந்தது. அதற்கு எதிராக எடின்பரோப் பல்கலைக்கழகத்திலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சிக்கூண்டில் ஏறினார். நியூசிலாந்திற் பிறந்து, எகிப்தில் நீண்டகாலம் அரசின் சட்ட மருத்துவ நிபுணராயிருந்து, வெப்ப நாடுகளில் இறந்தோரை நன்கறிந்தவர் அவர். கிடைத்த அளவீடுகளைக் கொண்டு அத்துணை நுண்மையாக நேரம் கூற இயலாது என்பதும், இறப்பு பிந்திய வேளையிலே நிகழ்ந்திருத்தல் கூடும் என்பதும் அவர் கருத்து.

இவ்வாதத்தின் அறிவியல் அடிப்படை எளிது. அதன் இடரும் அந்த எளிமையிலேயே உள்ளது. இறந்த உடல் சுற்றியுள்ள காற்றின் சூட்டை நோக்கிக் குளிர்ந்து செல்கின்றது. எடின்பரோவின் குளிரில் உடலுக்கும் காற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரிது. உடல் விரைந்து குளிரும். வெப்பமானி தெளிவாகப் பேசும். கொழும்பின் பகற்காற்று 30 பாகைக்கு அருகில் நிற்பது. உயிருள்ள உடலின் சூடோ 37. இடையிலுள்ள வேறுபாடு ஏழெட்டுப் பாகையே. உடல் மெல்லக் குளிரும்; ஆகவே வெப்பமானியில் அரைப் பாகை பிசகினால் கடிகாரத்தில் அது பெரும்பிழையாகிவிடும். இறக்கும் கணத்தில் உடற்சூடு என்னவாயிருந்தது என்பதும் உறுதியன்று; மூச்சடைத்து இறந்தோரில் அது சற்று உயர்ந்திருத்தலும் கூடும். 1988இல் செருமானிய அறிஞர் ஹென்ஸ்கே வகுத்த கணிப்பு முறை இன்று உலகெங்கும் கையாளப்படுவது. மிகச் சாதகமான நிலையிலும் முன்பின்னாக 2.8 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும் என்று அம்முறையே கூறுகின்றது. 1953இல் ஓர் உயிர் ஊசலாடியது அதனினும் மிகக் குறுகிய ஓர் இடைவெளியில்.

வழக்கு முடிந்த பின் பேராசிரியர் டி சேரம் செய்த செயல் குறிப்பிடத்தக்கது. வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி என்னும் இருவரோடு சேர்ந்து, வெலிக்கடையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 41 பேரின் உடல்கள் எவ்வாறு குளிர்ந்தன என்று மணிக்கு மணி அளந்து, 1955இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். வெப்ப மண்டலத்தில் உடல் குளிர்தல் பற்றிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றாக அது இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. தூக்கிலிடப்பட்டோரின் உடல்களைத் தெரிந்துகொண்டதன் காரணம் வெளிப்படை: இறப்பின் நிமிடம் ஐயமற்று அறியப்பட்ட உடல்கள் வேறெங்கே கிடைக்கும்? அந்த நிமிடத்தை அரசே குறித்திருந்தது. தீர்ப்பு மாறியிருப்பின் சதாசிவத்துக்கும் அவ்வாறு ஒரு நிமிடம் குறிக்கப்பட்டிருக்கும் என்னும் எண்ணம் அக்கட்டுரையைப் படிப்போர்க்குத் தோன்றாமற் போகாது. தனது கணிப்பை நீதிமன்றம் ஏற்காதபோது மனம் புழுங்கி ஒதுங்காமல் மீண்டும் அளக்கப் புகுந்த ஆசிரியரை மதிக்கவே வேண்டும்.

வெப்பமானி விடைதராத இடத்தில் ஓரளவு விடை தந்தவை இறந்தவரின் பாதங்கள். உள்ளங்கால்களிற் படிந்திருந்த அழுக்கை ஸ்மித் சுட்டிக்காட்டினார். மாடியறையிற் கொல்லப்பட்டுத் தூக்கிவரப்பட்ட ஒருவருக்கு அவ்வழுக்கு ஒட்டியிராது. வெறுங்காலுடன் அடுக்களைத் தரையில் நின்றவருக்கே ஒட்டியிருக்கும். படுக்கையறைக் கொலை என்னும் கதை இதனால் ஆட்டங்கண்டது. வேலையாளின் முகத்திலிருந்த கீறல்களும் இதனோடு சேர்த்து நோக்கப்பட்டன. ஸ்மித் 1959இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இவ்வழக்குக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அரைநூற்றாண்டின் பின், 2006இல், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ சான்றுகள் யாவற்றையும் திரட்டி ஒரு தனிநூலே எழுதினார். அத்தனை பக்கங்களுக்கு நடுவிலும், அந்தப் பெண்மணி ஒருநாட் காலையில் செருப்பின்றித் தமது அடுக்களையில் நின்றார் என்னும் இச்சிறு செய்தியில் மட்டுமே அவர் சடலமாகவன்றி ஆளாகத் தென்படுகின்றார்.

1953 ஜூன் 25ஆம் நாள் ஜூரர் எழுவரும் ஒருமனதாகச் சதாசிவம் குற்றவாளியல்லர் என்றனர். இருபது மாதச் சிறை வாழ்வு அன்று முடிந்தது. கையிலிருந்த சான்றுகளைக் கொண்டு நோக்கின் வேறு தீர்ப்புக்கு இடமில்லை. அன்று அவர் தண்டிக்கப்பட்டிருப்பின் அது பெரும் அநீதியாயிருக்கும். அவரைப் பற்றி ஐயந்தொனிக்கப் பேசுவோர் இன்னும் உளர். அவர்கள் தீர்ப்பையும் படிப்பதில்லை, சான்றையும் படிப்பதில்லை.

ஆயின், வில்லியத்தின் நிலை யாது? எதிரி தரப்பு அவரையே கொலைஞர் என்றது; ஸ்மித்தும் அவ்வாறே கருதினார். எனினும், அவர்மீது வழக்கு நடந்து தீர்ப்பு வழங்கப்படவில்லை. அரசு தன் சாட்சிக்கு அளித்த மன்னிப்பே அவருக்குக் காப்பாகவும், விடுதலை செய்யப்படும் வாய்ப்பேயற்ற குற்றச்சாட்டாகவும் அமைந்தது. இவ்வழக்கைத் தமிழிற் பேசுவோர் சதாசிவத்தை ‘அவர்’ என்றும் வில்லியத்தை ‘அவன்’ என்றும் குறிப்பது இயல்பாகிவிட்டது. பேசுபவர் அறியாமலே அவ்விகுதி தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. அன்றைய கொழும்பில் ஒரு சாரார், பணமும் புகழும் உள்ளவன் ஏழைச் சிங்களப் பையனை விலைக்கு வாங்கினான் என்றனர். மறுசாரார், வேலைக்காரர்களை வீட்டிற்குள் நம்பியதன் விளைவு இதுவென்றனர். இரு சாராரும் வெப்பமானியையோ உள்ளங்காலையோ பார்த்து அவ்வாறு முடிவுசெய்தாரல்லர். ஆனந்தத்தின் கொலைக்காக இறுதிவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

வழக்குகளுக்குப் பெயர் அமையும் முறையும் ஆராயத்தக்கது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்துண்டு மறுநாள் இறந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் வழக்கில், எதிரிகளாக நின்றோர் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும். தமிழுலகம் அவர்களினும் புகழ்பெற்ற இருவரை அன்று காட்டியிருக்க முடியாது. இருந்தும் அது ‘லட்சுமிகாந்தன் கொலைவழக்கு’ என்றே வழங்குகின்றது. இறந்தவரும், நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதித் தம்மளவில் பெயர்பெற்றிருந்தமையே காரணம். 1959இல் பம்பாயில் மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரியின் வழக்கோ சுட்டவரின் பெயராலேயே நானாவதி வழக்காயிற்று; பத்திரிகைகள் அவரை வீரராக்கியிருந்தன. அதே பம்பலப்பிட்டியில் 1978, 1979 ஆண்டுகளில் மிலாகிரியத் தேவாலயத்தின் குருமனையில் வாழ்ந்த மதகுரு மத்தியூ பீரிஸின் மனைவியும் இன்னொரு பெண்ணின் கணவரும் அடுத்தடுத்து இறந்தனர். அதற்கு 1984இல் தீர்ப்பு வந்தது. அவ்வழக்கு கட்டடத்தின் பெயரால் குருமனைக் கொலைகள் எனப்பட்டது. புகழ் எப்பக்கம் நிற்கின்றதோ அப்பக்கமே பெயரும் சாய்கின்றது. ஆனந்தத்தின் பக்கம் சாய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ‘சதாசிவத்தின் மனைவி’ என்னாமல் ‘ஆனந்தம்’ என்றால், வழக்கை நன்கறிந்தவர்கள் கூட ஒரு கணம் யாரென்று தயங்குகின்றனர்.

விடுதலையின் பின் சதாசிவம் மறுமணம் செய்துகொண்டார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆடினார். மீண்டும் கொழும்புக்கு வந்தார். 1977 ஜூலையில் இறந்தார். பாகவதரோடு ஒப்பிட்டால் அவர் நற்பேறுடையவர் எனலாம். சிறையிலிருந்து 1947இல் விடுதலையான பாகவதரின் படங்கள் பின்னர் எடுபடவில்லை. 1959இல் அவர் இறந்தபோது பழைய செல்வமும் இல்லை. கிரிக்கெற் வீரருக்கோ இரசிகர்கள் மட்டையை மட்டுமே கேட்டனர். அது சிறையிற் பழுதுறவில்லை. சிறந்த துடுப்பாட்ட வீரர்களின் பட்டியல் வெளிவருந்தோறும் அவர் பெயர் முற்பகுதியில் இடம்பெறுகின்றது. கட்டுரையின் ஏதோவொரு மூலையில் வழக்கும் ஒரு வரி பெறுகின்றது. அவ்வரியில் ஆனந்தத்தின் பெயர் இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு.

அவர் தமது விருப்பப்படி செய்த ஒரு செயலாவது எழுத்திற் பதிவாகியுள்ளது. 1951இல் அவர் கணவருக்கெதிராகத் திருமண முறிவு வழக்குத் தொடுத்தார். அன்றைய சட்டத்தில் அதற்குரிய காரணங்கள் மூன்றே: பிறன்மனை நயத்தல், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், தீராத ஆண்மைக் குறைவு. குற்றம் எனத்தக்க ஒன்றைத் திறந்த மன்றில் நிறுவினாலன்றி முறிவு கிடையாது. வசதியுள்ள தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருத்தி, நான்கு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நாடறிந்த கணவர்மீது அவ்வாறு வழக்கிடுவது அக்காலத்தில் எத்தகைய பேச்சுக்கு ஆளாக்கியிருக்கும் என்பதை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்ந்த எவர்க்கும் விளக்கவேண்டியதில்லை. அவர் அதற்கு அஞ்சவில்லை, அன்றேல் அஞ்சியும் செய்தார். பின்னர் நடந்த கொலை வழக்கில் இம்மனு கணவருக்குக் கொலை நோக்கம் இருந்தது என்பதைக் காட்டும் சான்றாக மட்டுமே பயன்பட்டது. அதில் அவர் யாது வேண்டினார் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அவ்வழக்கின் அழைப்பாணை ஒக்டோபர் 8ஆம் நாள் சதாசிவத்திடம் சேர்ப்பிக்கப்பட்டது. அன்றிரவு அவர் சென் அல்பன்ஸ் பிளேஸ் வீட்டிற் தங்கினார். மறுநாட் காலையில் மூத்த பெண்பிள்ளைகள் இருவர் பாடசாலைக்குச் சென்றனர். சிறியவர்கள் வீட்டில் இருந்தனர். வாதி அன்று இறந்தமையால், அவர் பெயரில் நின்ற அந்த ஒரே வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படாமலே அற்றுப்போயிற்று.